படகைப் பார்க்க ஆள் வரும் முன்பு

கண்ணு,

நேற்று சாயங்காலம் நீ அப்பாவோடு பேசி முடித்த பிறகு அவர் போனை என்னிடம் தரவில்லை. மடக்கு மேசை மேல் வைத்துவிட்டு, படகின் சின்ன ஜன்னலுக்கு வெளியே கொச்சிக் காயல் பக்கம் திரும்பிக்கொண்டார். எல்லாம் காதில் விழுந்திருந்தும், "என்னங்க சொன்னான்?" என்று கேட்டேன். "கல்யாணத்துக்கு முன்னால படகை வித்துப்போடச் சொல்றான். சரின்னுட்டேன். போன மாசம் ஒரு கோவாக்காரரு கேட்டுட்டிருந்தாரில்ல, அவரை ஞாயித்துக்கெழமை வந்து பாக்கச் சொல்லிப்போடறேன்" என்றார். அவ்வளவுதான். அப்புறம் அடித்தட்டுப் பலகையைத் தூக்கிவிட்டு, படகுக்குள் ஊறும் தண்ணீரை வெளியே தள்ளுகிற குட்டி மோட்டாரைக் கழற்ற உட்கார்ந்துவிட்டார். அந்த மோட்டாரில் ஒரு கோளாறும் இல்லை. கோயமுத்தூர் கணபதியில் நம் பம்புப் பட்டறையில் அவர் பக்கத்திலேயே வளர்ந்தவன் நீ. மனசு சரியில்லாத நாளில் அவர் நல்லா ஓடுகிற மோட்டாரைக் கழற்றுவார் என்பது உனக்குத் தெரியும்.

போனில் நான் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் உனக்கு வாடிக்கையாளர் வந்துவிடுவார். அதனால்தான் நோட்டில் எழுதுகிறேன். நாளைக் காலை கூரியரில் போட்டால் வெள்ளிக்கிழமை பட்டறைக்கு வந்துவிடும் என்கிறார்கள். படித்துவிட்டுக் கீர்த்தனாவிடமும் கொடு. இன்னும் மூன்று வாரத்தில் இந்த வீட்டுக்கு வரப்போகிறவள், இது எந்த மாதிரிக் குடும்பம் என்று தெரிந்துகொண்டே வரட்டும். கொடுமுடியில் அவள் பெரியப்பா, "மாப்பிள்ளை, உங்க அம்மா அப்பா எங்க குடியிருக்கறாங்கோ?" என்று உன்னைக் கேட்டபோது, "கொச்சியில, தண்ணி ஓரமாங்க" என்று நீ சொன்னதை நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஓரமாக இல்லை கண்ணு, மேலேயே இருக்கிறோம். அதைச் சொல்ல உனக்குக் கூச்சமாக இருந்தால் அது எனக்கு வருத்தமில்லை. நீ நேற்று அப்பாவிடம் சொன்ன இன்னொன்றுதான் எனக்கு ராத்திரிச் சாப்பாட்டை இறங்கவிடவில்லை. "உங்க ஆசைக்கு அம்மாவையும் இழுத்துட்டுப் போயிட்டீங்க. அன்னைக்கே அவங்க கையை ஒடச்சீங்க. இன்னும் என்னப்பா பாக்கி?" என்றாய். போன் ஸ்பீக்கரில் இருந்தது. இருபத்தாறு அடிப் படகில் எந்தப் பேச்சும் ஒருவர் காதோடு நிற்காது. அப்பா ஒன்றும் பதில் சொல்லவில்லை என்று கவனித்தாயா? அவர் ஏன் சொல்லவில்லை என்பதை எழுதத்தான் இந்தக் கடிதம். ஆனால் வாத்தியார் வேலை பார்த்தவள் நான், முதலில் இருந்து தொடங்காமல் எனக்கு வராது.

பெருந்துறையில் முப்பத்தொரு வருஷம் புவியியல் பாடம் எடுத்தேன். வருஷா வருஷம் கரும்பலகையில் இந்தியாவை வரைந்து, தென்மேற்குப் பருவக்காற்று என்று ஓர் அம்பும் வடகிழக்குப் பருவக்காற்று என்று ஓர் அம்பும் போடுவேன். ஒருநாள் எட்டாம் வகுப்பில் ஒரு பெண் எழுந்து, "டீச்சர், காத்து தள்ளித்தான கப்பல் போகும்? அப்ப காத்து வர்ற பக்கமே போகோணும்னா எப்படிங்க டீச்சர் போவாங்க?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, நூலகத்தில் தேடிப் படித்து, மறுநாள் வளைந்து வளைந்து போகும் கோடுகளைப் பலகையில் போட்டுக் காட்டினேன். அவள் தலையாட்டினாள். எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. காற்றுக்கு எதிராகக் காற்றைக் கொண்டே போவது என்பதைப் படித்தால் போதாது, ஒருமுறையாவது உடம்பில் உணர வேண்டும் என்று அன்று பிடித்தது கிறுக்கு. மற்றவர்கள் சீரியல் பார்த்த நேரத்தில் நான் பாய்மரப் படகுகளைப் பற்றிப் படித்தேன். குறிப்பெடுத்தேன். அடுப்படியில் நிலைக்கதவுக் கொக்கியில் முடிச்சுப் போட்டுப் பழகினேன். "ஏனம்மணி, பரீட்சை எப்ப?" என்று அப்பா கேலி செய்வார். நீ அப்போது கல்லூரி விடுதியில் இருந்தாய். இதெல்லாம் உனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்தது, பட்டறையை உன் கையில் கொடுத்த மூன்றாம் மாசம் அப்பா ஒரு பழைய படகை லாரியில் ஏற்றி வந்தார் என்பது மட்டும்தான்.

அந்தப் படகைக் கண்டுபிடித்தவள் நான். விற்கிறவருக்குப் போன் செய்தவள் நான். கொச்சியில் ஒரு துறையில், பாசி பிடித்து, உன்னைவிட மூன்று வயது மூத்ததாக அது நின்றுகொண்டிருந்தது. அப்பா சுற்றி வந்து, பம்பு உடலைத் தட்டிப் பார்ப்பது போல விரல் முட்டியால் தட்டி, "வார்ப்பு நல்லா இருக்குது, உள்ள ஓட்டை இல்லை" என்றார். "இது வார்ப்பு இல்லைங்க, பைபர்" என்றேன். "எதா இருந்தா என்ன, சத்தம் சுத்தமா இருக்குது" என்றார். விற்கிறவரிடம் அவர் கேட்ட ஒரே கேள்வி, "ஏனுங்க, இது எத்தனை எச்.பி.?" என்பது. அவர் சிரித்துக்கொண்டே பாய்மரத்தைக் காட்டினார். அப்பா என் பக்கம் திரும்பி, "உனக்கு இது வேணுமா அம்மணி?" என்றார். "வேணுங்க" என்றேன். "அப்பச் சரி" என்றார். நம் வீட்டில் இதைவிடப் பெரிய விவாதம் புளிக்கு நடந்திருக்கிறது.

கொச்சியிலேயே பழுது பார்த்திருக்கலாம். ஆனால் அப்பாவுக்கு அடுத்தவர் கைவேலையில் நம்பிக்கை கிடையாது. அதனால் பாலக்காடு வழியாக லாரியில் வந்து, பெருந்துறையில் நம் தோட்டத்துக் களத்தில் படகு இறங்கியது. பட்டறைக் குழாய்களில் அவரே இரும்புக் கால்கள் செய்து நாலு பக்கமும் முட்டுக் கொடுத்தார். பக்கத்துத் தோட்டத்துப் பழனியக்கா வந்து இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தார். "ஏனுங் டீச்சர், இதைக் கீழ்பவானி வாய்க்கால்லயா உடப்போறீங்க? தண்ணி முறை வெச்சுத்தான உடறாங்க, பாதி வழியில நின்னுபோச்சுன்னா என்ன பண்ணுவீங்க?" என்றார். ஒறம்பரையாக வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் ஏணி போட்டு ஏறி உள்ளே பார்த்தார்கள். கிழிந்த பாயை உக்கடத்தில் லாரித் தார்ப்பாய் தைக்கிற கடைக்குக் கொண்டுபோனேன். அந்தத் தம்பி விரித்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்க்கா, முக்கோணத் தார்ப்பாய் போடற லாரி எந்தக் கம்பெனிதுங்க?" என்று கேட்டார். ஆனால் தையல் இரும்பு மாதிரி போட்டுக் கொடுத்தார். இன்றைக்கும் ஒரு நூல் பிரியவில்லை.

இனி நீ கவனமாகப் படிக்க வேண்டிய இடம். ஆடி மாசம். அப்பா செயின் பிளாக் வைத்துப் பாய்மரத்தைத் தூக்கி நிறுத்தி, அதை இழுத்துப் பிடிக்கும் கம்பிகளின் அளவு பார்த்திருந்தார். மறுநாள் இறக்கிவிடுவதாக இருந்தது. அன்று காலை போல்ட்டு வாங்க ஈரோடு போய்விட்டார். நான் தனியாகப் படகு மேல் உட்கார்ந்து, தைத்து வந்த பாயை மடியில் வைத்திருந்தேன். தரையில் முட்டுக் கொடுத்து நிற்கும் படகில் பாய் ஏற்றக் கூடாது என்று நான் படித்திருந்தேன். என் குறிப்பு நோட்டில், என் கையெழுத்தில், அடிக்கோடு போட்டு இருக்கிறது. ஆனால் முப்பது வருஷம் உன் அப்பா பட்டறையில் கேட்ட ஒரு சொல்லும் எனக்குள் இருந்தது. 'டிரையல் பாக்காம ஒரு பொருளை வெளிய அனுப்பக் கூடாது.' காற்றே இல்லாமல் இருந்தது. தென்னை ஓலை அசையவில்லை. ஒரு நிமிஷம், சரியாகப் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு இறக்கிவிடலாம் என்று கயிற்றை இழுத்தேன். பாய் ஏறியது கண்ணு. வெள்ளை வெளேரென்று, தென்னைக்கு மேலே. எனக்கு அந்த நிமிஷம் ஐம்பத்தெட்டு வயசு இல்லை.

பாலக்காட்டுக் கணவாயைப் பற்றி எத்தனை பரீட்சைக்குக் கேள்வி எடுத்திருப்பேன். மேற்கு மலையில் இருக்கிற அந்த இடைவெளி வழியாகத்தான் நமக்கு ஆடிக் காற்று வருகிறது என்று எத்தனை விடைத்தாளில் சரி போட்டிருப்பேன். அது வந்தது. பாய் ஒரே அறையாக நிரம்பியது. வலப் பக்கத்து இரும்புக் கால்கள் களத்துக்கு வெளியே, மண்ணில் நின்றன. அன்று காலை தென்னைக்கு மோட்டார் போட்டுவிட்டதும் நான்தான். ஈர மண்ணில் கால் மெதுவாக இறங்கியது. படகு அவசரமே இல்லாமல், ஒறம்பரை வீட்டில் தூக்கம் வந்தவர் சாய்வதுபோலச் சாய்ந்து, தென்னை மரத்தில் தோளைக் கொடுத்து நின்றுவிட்டது. நான் மட்டும் நிற்காமல் வழுக்கிப் போய் இடது மணிக்கட்டை ஒடித்துக்கொண்டேன். பழனியக்காதான் ஏணி கொண்டுவந்து என்னை இறக்கினார். இறக்கிக்கொண்டே, "தண்ணியில்லாமயே கவுத்துப்போட்டீங்களே டீச்சர்" என்றார். வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

ஆமாம் கண்ணு. அந்தப் பாயை ஏற்றியது நான். அப்பா ஊரிலேயே இல்லை.

விஷயம் தெரிந்து ஈரோட்டில் இருந்து ஓடி வந்தவர், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் காரில் சொன்னார்: "பையன் கேட்டா நான்தான் ஏத்துனேன்னு சொல்லிக்கறேன். நீன்னு தெரிஞ்சா அவன் உன்னைய இனிமே படகுல கால் வெக்கவே உடமாட்டான். நான்னா ரெண்டு நாள் திட்டுவான், உட்டுருவான்." நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டுப் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது நீ நடைவழியில் நின்று, "அம்மாவைக் கொன்னுபோட்டுத்தான் உடுவீங்களா?" என்று அவரைக் கேட்டுக்கொண்டிருந்தாய். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. கை வலி ஒரு சாக்கு. உண்மையான காரணம், எனக்குப் படகு வேண்டும் என்பதுதான். ரெண்டு நாள் என்றார் அவர். ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. பட்டறை விஷயம் எதையும் நீ அவரிடம் கேட்பதில்லை. தீபாவளிக்கு வந்தபோதுகூட எனக்கு எதிரில்தான் உட்கார்ந்து சாப்பிட்டாய். அவர் பக்கம் திரும்பவில்லை. மேடையில் நின்று மற்றவர் பிள்ளைகளுக்கெல்லாம் உண்மை பேசச் சொன்ன வாய் இது. மன்னித்துக்கொள்.

சொல்லிவிட்டேன். இனி கொஞ்சம் சந்தோஷமாக எழுதுகிறேன், ஏனென்றால் இங்கே நாங்கள் கஷ்டப்படுகிறோம் என்று நீ நினைக்கிறாய். மாசியில் படகை மறுபடி கொச்சிக்குக் கொண்டுவந்து தண்ணீரில் இறக்கிய அன்று புதுவீட்டுக்குக் காய்ச்சுவது போலப் பால் காய்ச்சினோம். கிழக்குப் பக்கம் பொங்கி வழிந்தால் நல்லது என்பார்கள் இல்லையா? அன்று துறையில் கட்டாமல் நங்கூரம் போட்டிருந்தோம்; அப்படி நிற்கும் படகு காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் சுற்றிக்கொண்டே இருக்கும். அப்பா போனில் திசைகாட்டியை வைத்துக்கொண்டு, "இப்ப கெழக்கு... இரு இரு, வடக்கால போயிருச்சு... அட, தெக்கால வந்துபோச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். படகு எப்படிச் சாய்ந்தாலும் எங்கள் அடுப்பு மட்டும் ஊஞ்சல் மாதிரி ஆடி மட்டமாகவே நிற்கும். அதனால் பால் எந்தப் பக்கமும் சாயாமல் சுற்றிலும் வழிந்தது. "நாலு பக்கமும் நல்லதுதான், உடு" என்றார். கோயமுத்தூர்ப் பழக்கம் நம்மை விடுமா? குழாயில் தண்ணீர் வருகிற நாள் போல, துறைக் குழாயைத் திறந்ததும் குடம், வாளி, கேன் என்று இருப்பதை எல்லாம் நிரப்பி ஒரு பக்கமாக அடுக்கிவிட்டேன். காலையில் எழுந்தால் படகு ஒருக்களித்துப் படுத்திருக்கிறது. அப்பா கட்டிலில் இருந்து உருண்டு வந்து என் புத்தக அலமாரியைக் கட்டிக்கொண்டிருந்தார். முதல் முறை பாய் விரித்துப் போனபோது கடல்நீர் இறங்கும் வேலியிறக்க நேரத்தில் சேற்றில் தட்டி ஆறு மணி நேரம் அசையாமல் நின்றோம். போகிற படகில் எல்லாம் கை காட்டிச் சிரித்தார்கள். பொட்டுக்கடலையும் தயிர்ச்சோறும் சாப்பிட்டுக்கொண்டு, "உக்காந்திருக்கத்தான ரிட்டையர் ஆனோம்" என்றார் உன் அப்பா.

கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்கு அம்மா ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. அதையும் படகில்தான் கற்றேன். பாயின் அடியில் ஒரு நீளமான கட்டை உண்டு. படகைத் திருப்பும்போது அது இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தலை உயரத்தில் வீசிக்கொண்டு வரும். முதல் வாரம் நான் சுக்கானைப் பிடித்துத் திருப்பினேன். கட்டை வருகிறது. அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். நான், "ஏனுங்க, சித்தெ தலையைக் குனிஞ்சுக்கறீங்களாங்க" என்றேன். நம் ஊர் மரியாதை முடிவதற்குள் கட்டை வந்துவிட்டது. நல்லவேளை, கண்ணாடியோடு போயிற்று. அது இன்னும் காயலில்தான் கிடக்கிறது. அன்று அவர் தலையைத் தடவிக்கொண்டே, "படகுல மருவாதி வேண்டாம் அம்மணி. 'குனி'ன்னு சொல்லு போதும்" என்றார். முப்பத்து மூன்று வருஷத்தில் நான் அவரை ஒருமுறைகூட அப்படிச் சொன்னதில்லை. தனியாக இருக்கும்போது சொல்லிப் பழகினேன். பிறகு ஒருநாள் காயலுக்கு நடுவில் "குனி" என்று கத்தினேன். டபக்கென்று குனிந்தார், நிமிர்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார். கரையில் கால் வைத்ததும் மறுபடி வாங்க போங்கதான்.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். சுக்கான் யார் கையில் இருந்தாலும், திருப்பும் முன்பு "திருப்பறேன்" என்று சொல்ல வேண்டும். அடுத்தவர் "சரி" என்று சொல்லும் வரை திருப்பக் கூடாது. சொன்னால் மட்டும் போதாது, பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். நீயும் கீர்த்தனாவும் இதை வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு வலிக்குமே என்று சுற்றி வளைத்துப் பேசாதே, கட்டை அதற்குள் வந்துவிடும். அவளுக்காக நீ ஒரு பழியைத் தூக்கிக்கொண்டால் எத்தனை நாளைக்கு என்று அவளிடம் சொல்லிவிட்டுத் தூக்கு. உனக்காக அவள் தூக்கினால், நாள் முடிந்ததும் நீயே போய் இறக்கி வை. நான் இறக்கி வைக்காத ஒன்றை உன் அப்பா இன்னும் தூக்கிக்கொண்டுதான் நேற்று அடித்தட்டில் மோட்டாருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

அந்த எட்டாம் வகுப்புப் பெண்ணின் கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது. போன கார்த்திகையில் துறைமுக வாய் தாண்டிக் கொஞ்ச தூரம் கடலுக்குள் போனோம். திரும்பும்போது காற்று நேர் எதிரே. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று பதினேழு முறை திருப்பினோம். பதினேழு முறையும் "திருப்பறேன்", "சரி". படகு முன்னால் ஏறி ஏறி வந்தது. பலகையில் நான் போட்ட கோடு சரிதான். நான் அழுதேன். அப்பா, "உப்புத் தண்ணி தெறிக்குது பாரு" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆள் வருகிறார். நான் வேண்டாம் என்றால் அப்பா கேட்கமாட்டார். பையனுக்குச் சொன்ன வார்த்தை என்பார். அந்த வார்த்தையை நீதான் திருப்பிக் கொடுக்க முடியும். எல்லாம் தெரிந்த பிறகும் விற்கத்தான் வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் சொல், விற்றுவிடுகிறோம். ஆனால் அதை என்னிடம் சொல். திட்டுவதாக இருந்தாலும் என்னைத் திட்டு. படகு என்னுடையது.

இதோ, காய்கறிப் பையோடு அவர் வந்துவிட்டார். கரையில் இருந்து போட்ட பலகையைத் தாண்டிக் கால் வைத்ததும் படகு ஒரு சாய்வு சாய்கிறது.

"யாருக்கு எழுதற?"

"பையனுக்குங்க. பாய் ஏத்துனது நான்தான்னு எழுதிட்டேன்."

பையை வைத்துவிட்டு நின்றார். முருங்கைக்காய் ஒன்று வெளியே உருண்டது. அதை எடுக்கவில்லை. "அவன் உன்னையத் திட்டுவானே."

"திட்டட்டுங்க. ரெண்டு நாள் திட்டுவான், உட்டுருவான்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு சட்டைப்பையில் இருந்து அந்த மோட்டாரில் தண்ணீர் கசியாமல் அடைக்கிற ரப்பர் வளையத்தை, சீல் என்பார்களே, அதை எடுத்து இந்தத் தாளின் மேல் வைத்தார். "இந்த அளவு இங்க எந்தக் கடையிலயும் இல்லை. நம்ம பட்டறையில மூணாவது ரேக்குல இருக்கும். எழுது."

"ஞாயித்துக்கெழமை விக்கப்போற படகுக்கு எதுக்குங்க புது சீலு?"

அவர் என் பேனாவை வாங்கி அந்த வளையத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டார். கடைசியில் இருக்கிற வட்டம் அவர் வரைந்ததுதான். உள்விட்டம் எவ்வளவு என்று கேட்டேன். ஞாபகம் இல்லையாம். நாற்பது வருஷம் சீல் மாற்றியவருக்கு ஞாபகம் இல்லையாம். போன் செய்து நீயே அவரிடம் கேட்டுக்கொள்.

உன் அம்மா